கெழுக்களோடு பட்ட பாடு

"உங்க மேசைக்கு உயிர் வந்துடுச்சு சார்."

1993-இல் ஒரு திங்கட்கிழமைக் காலை, பெங்களூரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு இப்படித்தான் தொடங்கியது. பேசியவர் கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஓர் ஒளியியல் கருவியைத் தாங்கும் எஃகுச் சட்டம் ஆடாமல் இருக்க, சென்சாரும் மோட்டாரும் வைத்து அதிர்வை அடக்கும் ஏற்பாட்டை அவர் வடிவமைத்துக்கொண்டிருந்தார். சட்டத்தைத் தட்டிச் சோதித்து அதன் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனைக் கொடுப்பது எங்கள் வேலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான்கே பேர் கொண்ட அதிர்வுச் சோதனைக் கூடம் எங்களுடையது. அந்த நால்வரில் கணக்குப் போடுகிறவன் நான்.

அவர் கேட்டபடியே தொகுதிக்கு ஒரு பல்லுறுப்புக்கோவை, பகுதிக்கு ஒரு பல்லுறுப்புக்கோவை என்று கெழுக்களை வரிசையாக அடுக்கி ஃபேக்ஸில் அனுப்பியிருந்தேன். அவர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து, கணினிக்குள் மேசையை லேசாக ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். ஓரிரு நொடியில் ஓயவேண்டிய ஆட்டம் ஓயவில்லை, வளர்ந்தது. ஒரு நிமிடம் ஓடவிட்டால் மேசை சூரிய மண்டலத்தைத் தாண்டிவிடுகிறது என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஃகு தானாக ஆற்றலை உண்டாக்காது. ஆகவே தப்பு மேசையில் இல்லை, நான் அனுப்பிய தாளில்தான்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நாங்கள் பயன்படுத்தும் சுத்தியலின் முனையில் விசையை அளக்கும் சென்சார் இருக்கும். சட்டத்தின் ஓர் இடத்தில் ஆக்ஸிலரோமீட்டரை மெழுகால் ஒட்டிவிட்டு, இன்னோர் இடத்தில் தட்டுவோம். எவ்வளவு விசை உள்ளே போனது, எவ்வளவு ஆட்டம் வெளியே வந்தது என்ற விகிதத்தை ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் பகுப்பாய்வுக் கருவி வரைந்து காட்டும். அந்த விகிதம்தான் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன். அந்த வளைகோட்டில் கோபுரம் போல எழுகிற ஒவ்வொரு முகடும் ஓர் இயல்பதிர்வெண்; அதை நாங்கள் மோடு என்போம். முகடு ஒல்லியாக இருந்தால் தணிப்பு குறைவு, பருத்திருந்தால் அதிகம்.

ஒரே ஒரு நிறை, ஒரு சுருள்வில், ஒரு தணிப்பான் என்றால் இந்த விகிதத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம். காலத்தைப் பொறுத்து ஒருமுறை வகையிடுவதற்கு எஸ் என்று குறி வைப்போம். எஸ் வர்க்கத்தை நிறையாலும், எஸ்ஸைத் தணிப்பாலும் பெருக்கி, அதோடு விறைப்பைக் கூட்டினால் பகுதி கிடைத்துவிடும். தொகுதியில் வெறும் 1. இங்கே ஒவ்வொரு கெழுவுக்கும் முகம் உண்டு. இது நிறை, தராசில் வைக்கலாம். இது விறைப்பு, எடைக்கல்லைத் தொங்கவிட்டு அளக்கலாம்.

இரண்டாவது நிறை ஒன்று சேரட்டும். பகுதி நான்காம் படிக்குப் போய்விடும். எஸ்ஸின் மூன்றாம் அடுக்குக்கு முன்னால் நிற்கும் கெழுவில் முதல் நிறை இரண்டாவது தணிப்போடும், இரண்டாவது நிறை முதல் தணிப்போடும் கலந்து கிடக்கும். பத்து மோடு வந்துவிட்டால், சாம்பாரில் கரைந்த பருப்பைத் திரும்பப் பொறுக்குகிற கதைதான். சட்டத்தில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் எல்லாக் கெழுக்களும் மாறும். எந்தக் கெழு மாறியதால் எந்த போல்ட் என்று சொல்ல யாராலும் முடியாது.

பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. கரும்பலகையில் இரண்டாம் படி, மூன்றாம் படி உதாரணங்களைப் போட்டுவிட்டு, இப்படியே எத்தனை படிக்கும் போகலாம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பேனாவால் போகலாம்தான்.

அந்த மேசைக்கு வருகிறேன். ஏறக்குறையச் சதுரமான சட்டம், நான்கு கால்கள். இடவலமாக ஆடும் அதிர்வெண்ணும் முன்பின்னாக ஆடும் அதிர்வெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் விழுவது இப்படிப்பட்ட வடிவங்களின் பிறவிக் குணம். ஒன்று 47.6 ஹெர்ட்ஸ், மற்றது 48.0. முழு மாதிரியில் எட்டு மோடுகள், பகுதி பதினாறாம் படி. அதையெல்லாம் விட்டுவிட்டு, தணிப்பையும் மறந்துவிட்டு, இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வர்க்கப்படுத்தினால் 2265.76, 2304. இவற்றை மூலங்களாகக் கொண்ட இருபடிச் சமன்பாட்டுக்குத் தேவை இரண்டே எண்கள்: கூட்டுத்தொகை 4569.76, பெருக்குத்தொகை 5220311.04. எங்கள் அறிக்கைப் படிவத்தின் கட்டத்தில் நான்கு இலக்கங்கள்தான் பிடிக்கும். அளவீடே மூன்று இலக்கத்துக்கு மேல் துல்லியம் இல்லாதது, நான்கு போதாதா என்று மிச்சத்தை வெட்டிவிட்டேன். 4569; 5220000. இப்போது தன்மைகாட்டியைப் பாருங்கள். 4569-இன் வர்க்கம் 20875761. பெருக்குத்தொகையின் நான்கு மடங்கு 20880000. கழித்தால் −4239. மூலங்கள் கலப்பெண்களாகிவிட்டன. இரண்டு மோடுகளும் 47.8 ஹெர்ட்ஸில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒன்று 0.7 சதவீதத் தணிப்போடு சாகும், மற்றொன்று அதே 0.7 சதவீதத்தில் வளரும். நிஜச் சட்டத்தின் தணிப்போ அரை சதவீதம்கூட இல்லை, வளர்ச்சியை அடக்க அதற்குத் தெம்பு கிடையாது. மேசைக்கு உயிர் வந்த கதை இதுதான்.

வெட்டாமல், ஒழுங்காக முழுமையாக்கி 4570 என்று எழுதியிருந்தால்? உயிர் வந்திருக்காது. ஆனால் அதிர்வெண்கள் 47.43, 48.17 என்று வந்திருக்கும். இடைவெளி 0.4-இலிருந்து 0.73 ஆகியிருக்கும். இது இன்னும் மோசம் என்பேன். வெடித்தால் தொலைபேசியாவது வரும். இப்படி நாசூக்காகத் தப்பாக இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் பெரியவர், கூடத்தை நடத்தியவர், ஃபேக்ஸ் தாளைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இதுல 47.6 எங்க இருக்கு?"

"நேரடியா இல்ல சார். மூலத்தைக் கண்டுபிடிச்சா வரும்."

"நாம அளந்தது 47.6. அவருக்கு வேணும்ங்கறதும் 47.6. நடுவுல எதுக்கு இதை இடிச்சுப் பொடியாக்கி அனுப்பின?"

என்னிடம் பதில் இல்லை. அன்று மாலையே இன்னொரு ஃபேக்ஸ் போனது. அதில் எட்டு வரிகள். வரிக்கு ஒரு மோடு: அதிர்வெண், தணிப்பு, ஒவ்வொரு சென்சாரிலும் அந்த மோடின் பங்கு. கணக்கு மொழியில் துருவம், எச்சம் என்பார்கள். நான்கு இலக்கம் அங்கே தாராளம். 47.6 என்பது 47.61 ஆனால் மேசை 47.61-இல் ஆடும், அவ்வளவுதான். பக்கத்து மோடைத் தொந்தரவு செய்யாது.

பிறகுதான் தெரிந்தது, இந்தக் குழியில் என்னைவிடப் பெரியவர்கள் எப்போதோ விழுந்து எழுந்திருக்கிறார்கள் என்று. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வில்கின்சன், பைலட் ஏஸ் என்ற தொடக்ககாலக் கணினியில் வேலை பார்த்தவர். 1 முதல் 20 வரையிலான முழு எண்களை மூலங்களாகக் கொண்ட ஒரு பல்லுறுப்புக்கோவையை அவர் எடுத்துக்கொண்டார். இதைவிடச் சாதுவான மூலங்கள் கிடைக்காது. இரண்டாவது கெழு −210. அதை 2-இன் 23-ஆம் அடுக்கில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.00000012 மட்டும் அசைத்தார். இருபதில் பத்து மூலங்கள் கலப்பெண்களாகிவிட்டன. 16-உம் 17-உம் இருந்த இடத்தில் 16.73, அதற்கு மேலும் கீழும் 2.81 கற்பனைப் பகுதி. 20 என்ற மூலம் 20.85-க்கு நகர்ந்தது. தன் தொழில்வாழ்க்கையிலேயே மிகவும் அதிரவைத்த அனுபவம் இது என்று 1984-இல் அவர் எழுதினார். அதைப் படித்தபோது ஒரு பெரிய ஆளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த திருப்தி எனக்கு.

அப்படியானால் பல்லுறுப்புக்கோவை எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பதில், பொருத்துவதற்கு. அளந்த வளைகோட்டிலிருந்து துருவங்களை நேரே தேடுவது வளைந்து நெளிந்த கணக்கு. முதல் ஊகம் தப்பினால் எங்கோ போய் நிற்கும். 1959-இல் லெவி என்பவர் ஒரு குறுக்குவழி காட்டினார். விகிதத்தைப் பகுதியால் பெருக்கிவிட்டால், தெரியாத கெழுக்கள் எல்லாம் முதற்படியில் வந்துவிடும். பிறகு சாதாரண மீச்சிறு வர்க்க முறைதான், ஒரே தீர்வில் விடை. ஆனால் பகுதியால் பெருக்கும்போது பிழையையும் சேர்த்தே பெருக்குகிறோம். முகடு இருக்கும் இடத்தில் பகுதி மிகச் சிறியது. எந்த இடத்தை மிகக் கவனமாகப் பொருத்தவேண்டுமோ அந்த இடத்துக்கு மதிப்பே இல்லாமல் போகும். 1963-இல் சனாதனன், கோர்னர் இருவரும் முந்தைய சுற்றில் கிடைத்த பகுதியால் வகுத்துக்கொண்டே மறுபடி மறுபடி பொருத்தும் வழியைச் சொன்னார்கள்.

இதை ஃபோர்ட்ரானில் எழுதினேன். ஒற்றைத் துல்லிய எண்கள், ஏழு இலக்கம். ஐந்து மோடு வரை சமாளித்தது. ஆறாவதில் திரை முழுக்கக் குப்பை. உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. 500 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 3142 ரேடியன். ஆறு மோடு என்றால் பகுதி பன்னிரண்டாம் படி. முதல் கெழு 1 என்றால், மோடுகள் எல்லாம் அந்த வட்டாரத்தில் இருக்கும்போது கடைசிக் கெழு 3142-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கியது: 42 இலக்க எண். ஒற்றைத் துல்லியம் 39 இலக்கத்தோடு நிரம்பி வழிந்துவிடும். இரட்டைத் துல்லியத்துக்கு மாறினால் 308 அடுக்கு வரை இடம் உண்டு. அதுவும் 45 மோடுகளில் தீர்ந்துவிடும். வழிவது ஒரு பக்கம். 1-உம் 42 இலக்க எண்ணும் ஒரே அணியில் உட்கார்ந்தால், கூட்டும்போது சிறியது காணாமலே போய்விடும்.

உச்ச அதிர்வெண்ணால் எல்லாவற்றையும் வகுத்து 0-க்கும் 1-க்கும் இடையில் அடக்கினேன். வழிவது நின்றது. ஆனால் வேறொரு சங்கடம். 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணின் பதினான்காம் அடுக்கையும் பதினாறாம் அடுக்கையும் வரைந்து பாருங்கள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எது எவ்வளவு என்று கணினியால் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த நேரத்தில்தான் ரிச்சர்ட்சனும் ஃபார்மென்டியும் 1982-இல், ஃப்ளோரிடாவில் நடந்த முதல் மோடல் பகுப்பாய்வு மாநாட்டில் படித்த கட்டுரையின் ஜெராக்ஸ் கிடைத்தது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ், அடிக்குறிகள் பாதி தெரியாது. சாதாரண அடுக்குகளை விட்டுவிட்டு, ஃபோர்சைத் 1957-இல் சொன்ன செங்குத்துப் பல்லுறுப்புக்கோவைகளில் பொருத்துங்கள் என்றது அது. ஒவ்வொன்றும் மற்றவற்றின் சாயலே இல்லாதபடி, நம் அளவீட்டுப் புள்ளிகளுக்கென்றே தைத்தவை. மூன்று மாதம் ராத்திரிகளில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். பன்னிரண்டு மோடுகள் அழகாகப் பொருந்தின. வளைகோட்டின் மேல் வளைகோடு, முடியளவு பிசகு இல்லை. பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் துருவங்களை எடுக்கப் போனால், பாதி அபத்தம். மூலங்களைக் காண்பதற்காகச் செங்குத்து வடிவத்திலிருந்து பழைய சாதாரண அடுக்குகளுக்கு மாற்றியிருந்தேன். வாசலில் விரட்டிய நாய் கொல்லைப்புறமாக உள்ளே வந்து படுத்திருந்தது. செங்குத்து வடிவத்தை விட்டு இறங்காமலே ஓர் அணியை அமைத்து, அதன் ஐகன் மதிப்புகளை எடுத்தால் தப்பிக்கலாம் என்று தெரிய இன்னும் ஒரு வருடம் ஆனது.

ஐகன் மதிப்பு என்றதும் ஒரு கிண்டல் நினைவுக்கு வருகிறது. மேட்லேப்பில் ஒரு பல்லுறுப்புக்கோவையின் மூலங்களைக் கேட்டால் அது என்ன செய்கிறது தெரியுமா? கெழுக்களை ஓர் அணியில் அடுக்கி, அந்த அணியின் ஐகன் மதிப்புகளைக் காண்கிறது. நாங்களோ நிறை அணி, விறைப்பு அணி என்று தொடங்கி, ஐகன் மதிப்புகளாக மோடுகளைக் கண்டு, அவற்றைப் பெருக்கி விரித்துக் கெழுக்களாக்கி, வாடிக்கையாளருக்கு அனுப்புகிறோம். அவர் மூலம் கேட்கிறார். மென்பொருள் மறுபடியும் அணியாக்கி ஐகன் மதிப்பு காண்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுகூட இதற்குப் பக்கத்தில் வராது. போகிற வழியில் மூக்கையே பாதி தொலைத்துவிடுகிறோம்.

தொகுதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பகுதி முழுச் சட்டத்துக்கும் பொது. எங்கே தட்டினாலும், எங்கே சென்சார் வைத்தாலும் துருவங்கள் மாறாது. தொகுதிதான் இடத்துக்கு இடம் மாறும். அதன் மூலங்கள் வளைகோட்டில் பள்ளங்களாகத் தெரியும். அந்தப் பள்ளங்கள் வெறும் கணக்கு எச்சில் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் பெரியவர், தட்டுகிற இடத்திலேயே சென்சாரும் வைத்து ஒரு வளைகோடு எடுக்கச் சொன்னார். பள்ளம் ஒன்று 63 ஹெர்ட்ஸில். பிறகு அதே இடத்தை, தட்டிய திசையில் அசையாதபடி ஒரு கனத்த வார்ப்பிரும்புக் கட்டையோடு இறுக்கிக் கட்டச் சொல்லி, வேறிடத்தில் தட்டச் சொன்னார். பள்ளம் இருந்த 63-க்குப் பக்கத்திலேயே முகடு. "அந்தப் புள்ளியப் புடிச்சு நிறுத்தினா சட்டம் எப்படி ஆடும்னு அந்தப் பள்ளம் முன்னாடியே சொல்லிடுச்சு பாத்தியா" என்றார். இதை நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. தொகுதியைக் கெழுக்களாக எழுதினால் முதலில் சாவது இந்தப் பள்ளங்கள்தான்.

நாஸ்ட்ரானோடு பழக்கம் பிறகு, பெங்களூரில் வேலை கிடைத்தபின். நாசாவுக்காக 1960-களின் பிற்பகுதியில் எழுதப்பட்ட கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருள் அது. அதில் டிஎஃப் என்று ஓர் அட்டை உண்டு. துளையட்டைக் காலம் போய் எத்தனையோ வருடமாகியும் இன்னும் அட்டை என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டு எழுத்து என்ற அகலமும் அந்தக் காலத்தது. டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை உள்ளே கொடுப்பதற்கான அட்டை அதுதான். ஆனால் எஸ்ஸின் இரண்டாம் அடுக்கோடு முடிந்துவிடும். ஒவ்வொரு மாறிக்கும் மூன்று கெழு, அதற்கு மேல் இடமில்லை.

என்னிடம் இருந்ததோ மூன்றாம் படி ஆக்சுவேட்டர். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தள்ளி. பகுதியில் எஸ்ஸின் மூன்றாம் அடுக்கு. இவ்வளவு பெரிய மென்பொருளில் ஒரு மூன்றாம் படிக்கு வக்கில்லையா என்று கையேட்டைத் திட்டினேன். பக்கத்து மேசைக்காரர் வழி சொன்னார்: மூன்றாம் படியை ஒரு முதற்படியாகவும் ஓர் இரண்டாம் படியாகவும் உடை. இரண்டுக்கும் நடுவில் கட்டமைப்பில் இல்லாத ஒரு புள்ளியை, ஈபாயின்ட் என்பார்கள், புதிதாக உண்டாக்கு. முதல் துண்டின் வெளியீடு அந்தப் புள்ளி. அதுவே அடுத்த துண்டின் உள்ளீடு.

செய்தபோது புரிந்தது. அட்டையில் உள்ள மூன்று கெழுக்களும் நேராக விறைப்பு அணி, தணிப்பு அணி, நிறை அணி மூன்றிலும் போய் உட்காருகின்றன. எஸ்ஸின் மூன்றாம் அடுக்குக்கு உட்கார அங்கே நாற்காலியே இல்லை. நியூட்டனின் விதியில் முடுக்கத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறதல்லவா. நான் குறை என்று திட்டியது உண்மையில் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. துண்டு துண்டாகக் கொடுக்கும்போது ஒவ்வொரு துண்டும் ஓர் அதிர்வெண், ஒரு தணிப்பு. எட்டு எழுத்துக் கட்டத்தில் எழுதினாலும் ஒன்றும் பிசகாது. அதே ஆக்சுவேட்டரோடு நான்கைந்து வடிகட்டிகளையும் பெருக்கி ஒரே பதினோராம் படியாக்கி எட்டு எழுத்தில் எழுதியிருந்தால், அம்பத்தூர் மேசை பெங்களூரிலும் பறந்திருக்கும்.

டிஎஃப் அட்டையில் நான் விழுந்த குழி வேறு. எல்லா உறுப்புகளும் ஒரே பக்கத்தில் கூடிப் பூச்சியம் ஆகவேண்டும் என்பது அதன் சமன்பாடு. ஆகவே வெளியீடு நேர் குறி என்றால் உள்ளீட்டுக்கு எதிர்க்குறி போடவேண்டும். ஒரு மைனஸை மறந்தேன். அடக்கவேண்டிய கட்டுப்பாடு தள்ளிவிட ஆரம்பித்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; நாஸ்ட்ரானில் இதைச் செய்யாதவர் யாராவது இருந்தால் அவர் இன்னும் அந்த அட்டையைத் தொடவில்லை என்று அர்த்தம்.

2004 வாக்கில் காற்று மாறியது. பெல்ஜியத்தின் லூவன் நகரத்தில் உருவான பாலிமேக்ஸ் முறை எங்கள் தொழிலுக்குள் வந்தது. அதுவும் பல்லுறுப்புக்கோவை விகிதம்தான். ஆனால் எஸ்ஸுக்குப் பதிலாக, அலகு வட்டத்தின் மேல் சுற்றிவரும் ஒரு கலப்பெண்ணை மாறியாக எடுத்துக்கொண்டது. அதன் அளவு எப்போதும் 1. எத்தனை முறை தன்னோடு பெருக்கினாலும் பெருக்காது, சிறுக்காது. வட்டத்தில் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான். அடுக்குகள் இரட்டைப் பிள்ளைகளாவதில்லை. எண்பதாம் படி, நூறாம் படி என்று நாங்கள் கனவிலும் நினைக்காத உயரத்துக்கு ஏறலாம்.

அதில் எனக்குப் பிடித்தது நிலைப்பு வரைபடம். சட்டத்தில் எத்தனை மோடு என்று முன்கூட்டித் தெரியாது. இரண்டாம் படி, நான்காம் படி, ஆறாம் படி என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் கிடைத்த துருவங்களை ஒரு வரியாகப் புள்ளி வைத்துக்கொண்டு வரவேண்டும். நிஜ மோடு படி ஏறினாலும் அதே இடத்தில் வந்து நிற்கும். கீழிருந்து மேலே தூண் மாதிரி புள்ளிகள். இரைச்சலைப் பொருத்தப் பிறந்த போலித் துருவம் ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு இடத்தில் தலைகாட்டும். தூண்களைத் தேர்ந்தெடுத்தபின் கெழுக்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எச்சங்களைத் தனியாக, அளந்த தரவோடு மறுபடி பொருத்திக்கொள்கிறோம். கொத்தனார் சாரம் கட்டுகிறார், சுவர் எழும்புகிறது, சாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுகிறார். நான் 1993-இல் செய்த தப்பு, சுவரை விட்டுவிட்டுச் சாரத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பியது.

கடைசியாக வேலை பார்த்த இடத்தில் எங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு மென்பொருள் எழுதினோம். கோப்பில் எதைச் சேமிப்பது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன்: துருவம், எச்சம், அலகு, சென்சாரின் இடம், திசை. பல்லுறுப்புக்கோவை யாராவது கேட்டால் அப்போது செய்து கொடுப்போம், வைத்துக்கொள்ள மாட்டோம். செய்து கொடுக்கும்போது 17 இலக்கம் அச்சிடவேண்டும். இரட்டைத் துல்லிய எண் எழுத்தாகிப் போய் அதே எண்ணாகத் திரும்பிவர அத்தனை தேவை. கிழவனின் பழைய காயம் பேசுகிறது என்று இளைஞர்கள் நினைத்திருப்பார்கள்.

அதையும் மீறி ஒரு விபத்து நடந்தது. புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, கெட்டிக்காரி. பழைய சோதனை ஒன்றின் முடிவுகள் கணினிக் கோப்பில் கெழுக்களாக மட்டுமே இருந்தன. அவற்றைப் பைத்தானில் படித்துத் துருவங்களாக மாற்றினாள். இரண்டு மோடுகள்: 82-இல் வளைவு, 122-இல் முறுக்கு என்று கணினி மாதிரி சொன்னது. சோதனையோ 82-இல் முறுக்கு, 122-இல் வளைவு என்றது. மூன்று நாள் கணினி மாதிரியின் இணைப்புகளை மாற்றி மாற்றிப் போராடினாள்.

"சார், எல்லா துருவமும் ஸ்டேபிளாத்தான் இருக்கு. தணிப்புகூட பழைய ரிப்போர்ட்ல இருக்கற அதே நம்பர்தான் சார்."

"வரிசை?"

"எந்த வரிசை சார்?"

நம்பை நூலகத்தில் பழைய வகை, கெழுக்களை உயர்ந்த அடுக்கிலிருந்து கீழாக எழுதும். புதிய வகை, மாறிலியில் தொடங்கி மேலாக எழுதும். கோப்பு பழைய வரிசை. அவள் படித்தது புதிய வகையில். தொகுதி, பகுதி இரண்டையுமே தலைகீழாகப் படித்தாகிவிட்டது. தலைகீழான பல்லுறுப்புக்கோவையின் மூலங்கள், நிஜ மூலங்களின் தலைகீழிகள். சோதனை செய்தவர் அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸால் வகுத்துச் சேமித்திருந்தார். 0.82-இன் தலைகீழி 1.22. ஆகவே 82 போய் 122 ஆனது, 122 வந்து 82 ஆனது. இரண்டும் நாற்காலி மாற்றி உட்கார்ந்துகொண்டன. இதில் கொடுமை, ஒரு துருவத்தைத் தலைகீழாக்கினால் அதன் தணிப்பு விகிதம் துளியும் மாறாது, நிலைப்பும் கெடாது. நாங்கள் சரிபார்க்க வைத்திருந்த இரண்டு காவலாளிகளும் திருடனுக்கு வணக்கம் சொல்லி உள்ளே விட்டிருக்கிறார்கள். மாற்றிய முடிவை அளந்த வளைகோட்டின் மேல் ஒருமுறை வரைந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அதைச் சொல்லித்தராதது என் தப்பு, அவள் தப்பு அல்ல.

அதற்குப்பின் கோப்பின் தலைப்பில் ஒரு வரி கட்டாயமாகிவிட்டது: கெழுக்கள் எந்த வரிசையில், எந்த மாறியில், எந்த அதிர்வெண்ணால் வகுக்கப்பட்டவை. அந்த வரி இல்லாவிட்டால் மென்பொருள் கோப்பைத் திறக்காது. அவளே எழுதியது. என்னைவிடக் கறாராக எழுதியிருக்கிறாள்.

ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தபின் பழைய கோப்புகளைக் கிளறியபோது, பெங்களூர்க்காரர் அந்த 1993 திங்கட்கிழமை எனக்குத் திருப்பி அனுப்பிய ஃபேக்ஸ் கிடைத்தது. என் கெழுப் பட்டியலையே, சந்தேகப்பட்ட எண்களைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். வெப்பத்தில் அச்சாகும் சுருள் தாள் அது. முப்பது வருடத்தில் வெளிறி, கெழுக்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் போட்ட வட்டங்களும் போய்விட்டன. ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில் நான் கிறுக்கிய இரண்டு எண்கள் மட்டும் நீலமாக இருக்கின்றன. 47.6. 48.0.